மழை வருமா என்று கேட்டார் மச்சான்

அக்கா வீட்டில் மத்தியானம் கம்பஞ்சோறு. நான் இரண்டாவது உருண்டையை மோரில் கரைத்துக்கொண்டிருந்தேன். எதிரே மச்சான் சாப்பிட்டு முடித்து, கையைத் துண்டில் துடைத்தபடி வாசல் நிலையில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார்.

மேற்கே மலைக்கு மேல் மேகம் கட்டியிருந்தது. அடிப்பக்கம் கறுப்பு. மேலே நுரைத்த உளுந்து மாவு போல வெள்ளை. காற்று துளிகூட இல்லை. வேப்பமரத்தடியில் மூன்று மாடுகளும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

"மாப்ள, மழை வருமா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "வரும் மச்சான்."

"எப்ப?"

"இன்னைக்கு. மிஞ்சிப் போனா நாளைக்கு."

"ஒங்க ஆபீஸ்ல சொன்னாகளா?"

இந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடப்பது தெரிந்தது.

இந்த ஒரு மத்தியானத்தை எழுதத்தான் இத்தனை வாரமாக வேறு எதை எதையோ எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

தகர உருளை

நான் எழுமலையில் வேலை பார்த்த கதையை முன்பே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடியும்.

ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். ஓட்டுக் கட்டடம். அதிகாரி மாதத்தில் பாதி நாள் மதுரையில் இருப்பார். மீதி நாள் மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். மற்றபடி நான்தான். பத்தாவது வரை படித்திருந்ததால் மடையைத் திறப்பது, கரையைச் சுற்றி வருவது ஆகிய வேலைகளோடு மழை அளக்கும் வேலையையும் எனக்கே கொடுத்திருந்தார்கள்.

கம்பிவேலி போட்ட ஒரு சதுரம். அதன் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு தகர உருளை. மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலை எடுத்து, விழுந்திருக்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். மழை இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்து சைபர் போடவேண்டும். நான் சொல்லும் அந்த இரண்டு வருஷமும் பெரும்பாலும் சைபர்தான்.

நேற்றுப் பெய்த மழையை அளக்கிற வேலை அது. நாளை பெய்யப்போகிற மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

மழை பெய்த மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நிற்பார்கள்.

"எம்புட்டுப்பா?"

"இருபத்திரெண்டு மில்லிமீட்டர்ணே."

"அத எவன் கேட்டான்? எத்தனை உழவு?"

மண் எவ்வளவு ஆழம் நனைந்தது, எத்தனை முறை ஏர் ஓட்டலாம் என்பதுதான் எங்கள் பக்கத்து அளவு. ஓர் உழவு மழை, ரெண்டு உழவு மழை என்பார்கள். நான் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அதையும் எழுதி வைக்கப் பழகிக்கொண்டேன். கேட்டால் சொல்ல வேண்டுமே.

பேச வராதவன்

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆட்களோடு பேச வராது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் விக்கிக்கொண்டே எழுந்து வந்திருக்கிறேன். கேட்க வேடிக்கையாக இருக்கும். உண்மை.

மழையும் வெயிலும்தான் என்னைக் காப்பாற்றின. "என்னப்பா இம்புட்டு வெயிலு" என்று ஒருவர் சொன்னால் "ஆமாண்ணே" என்று சொல்லிவிடலாம். "நிலாவச் சுத்தி வட்டம் கட்டியிருக்கே, பாத்தியா?" என்றால் "பாத்தேண்ணே" என்று சொல்லிவிடலாம். பார்த்திருக்கவே வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பேச்சில் யாரும் தோற்பதில்லை.

அந்தத் தகர உருளை வந்தபிறகுதான் ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்தது. 'மழைக்காரர்' என்றார்கள். வயதில் மூத்தவர்கள்கூட 'ர்' போட்டுச் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பிறகு கேட்பார்கள், மழை வருமா என்று. இடம் கொடுத்தவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வரும் என்பேன். வராவிட்டால் அவர்களே காற்றைத் திட்டிக்கொள்வார்கள்.

விழுமா, விழாதா

ஒரு வருஷம், வெளிநாட்டுக்காரர்கள் வானத்தில் சுற்றவிட்ட ஏதோ ஒரு பெரிய ஆய்வுக்கூடம் பழுதாகிக் கீழே விழப்போகிறது என்று பேப்பரில் வந்தது. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. எழுமலையில் விழும் என்று பாதிப் பேர் முடிவு செய்துவிட்டார்கள்.

வாராவாரம் சந்தைக்கு மதுரையிலிருந்து குடை ரிப்பேர் செய்ய ஒரு பாய் வருவார். கரைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம பக்கம் விழுகாதுல்ல?"

"விழுகாது பாய்."

அவர் போன கையோடு டீக்கடை ராசு வந்தார். "மழைக்காரரே, நம்ம கண்மாயிலதான் விழுகுமாம்ல?"

"அப்படித்தாண்ணே பேசிக்கிறாக."

அன்று சாயங்காலம் இருவரும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன் தம்பி, எனக்கு விழுகாது, ராசுக்கு விழுகுமா? அது என்ன ஆள் பாத்தா விழுகும்?" என்றார் பாய்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். காது மடல் சுட்டது.

"இங்க பாருங்க, குடை தைக்கிற என்கிட்டயும்தான் மழை வருமான்னு கேக்குறாக. அல்லாவுக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு ஊசியக் கோத்துருவேன்" என்றார் அவர். எனக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு லேசாகச் சொல்கிறார்!

அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. தெருவில் நாய்கூட இல்லை. மச்சான் மட்டும் கரைக்கு வந்து, "மாப்ள, வெளிய நிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். மேலே பார்க்காமல் இருந்தால் போதும் என்று பேப்பரில் படித்ததைச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வெயில் மங்கித் திரும்ப வருகிறவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "நீ சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்றார்.

என்னிடம் அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

மலைக்கு மாலை

மச்சானுக்கு மூன்று மாடு, கொஞ்சம் மானாவாரி நிலம். வறட்சியின் இரண்டாவது வருஷம் வைக்கோல் தீர்ந்துவிட்டது. புளியங்கொழுந்தையும் வேலமர இலையையும் ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடைமழை இறங்கப்போகிறது என்று தெரிந்தால், சரிவில் காய்ந்து நிற்கும் பழைய புல்லில் தீ வைத்துவிடுவார்கள். மழை வந்து தீயை அணைக்கும். பத்து நாளில் கரிக்கு மேல் பச்சைப் புல் முளைக்கும். மாடு பிழைத்துக்கொள்ளும். முன்னாலேயே வைத்தால் தீ மேலே காட்டுக்குள் ஏறிவிடும். மழைக்குப் பிறகு வைத்தால் பிடிக்காது. மழைக்குச் சற்று முன்னால், அதே நாளில் வைக்கவேண்டும். சட்டப்படி தப்பு. ஆனாலும் யார் வைத்தது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தீ ஒரே வரிசையாக வளைந்து தெரியும். "மலைக்கு மாலை போட்டாச்சு" என்பார்கள். மாலை விழுந்தால் மழை வந்துவிடும் என்று ஊருக்குச் சந்தோஷம்.

மச்சான் கேட்டது இதற்காக என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினேன்.

நாலு மணி வாக்கில் டீக்கடையில் இருந்தேன். யாரோ கத்தினார்கள். "மாலை போட்டாச்சுடோய்!"

எல்லோரும் எழுந்து வெளியே வந்தோம். சரிவில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான்டா?"

"எவனா இருந்தா என்ன? மழைக்காரர் கிட்டக் கேக்காமயா வச்சிருப்பான்?" என்றார் ராசு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

"எப்ப எறங்கும்ணே?"

"பொழுது சாயுறதுக்குள்ள."

மண் வாசனை வந்தது. நிஜமாகவே வந்தது. எங்கோ பெய்துகொண்டிருந்தது. ஒருவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நனையத் தயாரானார். இன்னொருவர், "யோவ், மேகம் ஒன்னையப் பாத்து ஓடிறப் போகுதுய்யா" என்றார்.

அப்போது காற்று மாறியது. கண்மாய்ப் பக்கமிருந்து மலையைப் பார்த்து, காய்ந்த காற்று. டீக்கடைக் கூரையின் கீற்று படபடவென்று அடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் சரிந்தது, போர்வையை யாரோ அங்கிருந்து இழுப்பது போல. நேராக நின்ற புகை சாய்ந்தது. வரிசையாக இருந்த தீ நடுவில் அறுந்து, ஓடைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடியது.

கொஞ்ச நேரத்தில் காற்று ஒருமுறை சுழன்று திரும்பியபோது கருகிய புல் துணுக்குகள் பறந்து வந்தன. ஒன்று என் டீ கிளாஸில் விழுந்தது.

மச்சான் விளக்கு வைக்கும் நேரமாகியும் வரவில்லை. ஐந்தாறு பேர் மலைக்குப் போனோம். பாதி வழியில் ஓர் ஆட்டுக்காரர் எதிரே ஓடி வந்தார். ஓடைக்கு மேலே அவருடைய ஆட்டுக்கிடை இருந்திருக்கிறது. தீ அந்தப் பக்கம் திரும்பியதும் மச்சான் பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க மேலே ஓடியிருக்கிறார். ஆடுகள் இறங்கிவிட்டன. மச்சானால் இறங்க முடியவில்லை.

வேட்டியில் தூளி கட்டித் தூக்கி வந்தோம். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.

வாழையிலை

மதுரையில் பெரியாஸ்பத்திரி. தீக்காயம் பட்டவர்களை வாழையிலை விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். இலை வாடியதும் மாற்றுவார்கள். இன்றைக்கும் விருந்துகளில் இலை போட்டதும் எனக்கு முதல் கவளம் இறங்காது.

மூன்றாம் நாள் காலை அவருக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. அக்கா கால்மாட்டில் நின்றிருந்தாள். நான் தலைமாட்டில்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"மழை பேஞ்சுச்சா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"பேஞ்சுச்சு மச்சான்."

"எம்புட்டு?"

"ரெண்டு உழவு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். நீங்க இங்க வந்தபெறகு பிடிச்சுச்சு. விடிய விடியப் பேஞ்சுச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பப் புல்லு வந்துரும்" என்றார். பிறகு, "அக்காட்டச் சொல்லு, மாட்ட ஓடைக்கு மேக்க பத்திக்கிட்டுப் போகச் சொல்லு." அக்கா அங்கேயே நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

நான் அக்காவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மத்தியானம் மச்சான் போய்விட்டார்.

அவருக்குக் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. காலையில் பாட்டிலைத் தூக்கினால் கனத்தது. கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். கோட்டைப் படித்து நோட்டில் எழுதினேன், ஓரத்தில் உழவுக் கணக்கை எழுதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்றார்கள். அன்று மட்டும் யாரும் எம்புட்டு என்று கேட்கவில்லை.

ஓடைக்கு மேற்கே புல் முளைத்தது. மூன்று மாடுகளும் பிழைத்தன.

வெயில் எப்படிக்கா?

நான் மாற்றல் கேட்டு மதுரைக்கு வந்துவிட்டேன். ஆனையூரில் வீடு. ஆபீஸில் கோப்பு கட்டுகிற வேலை. யாரும் எதுவும் கேட்காத வேலை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுமலைக்குப் போவேன். உசிலம்பட்டி தாண்டும்வரை, இன்று அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போவேன். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது, ஆபீஸில் யாரும் எதுவும் சொல்லவில்லை, சும்மா சொன்னேன் என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் வாயில் வருவது வேறு.

"வெயில் எப்படிக்கா?"

"அடிக்குது. அங்க?"

"அங்கயும் அடிக்குது."

சாப்பாடு போடுவாள். திரும்பும்போது மஞ்சள் பையில் மொச்சையோ துவரையோ கட்டிக் கொடுப்பாள். ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் காலில் விழுந்திருப்பேன்.

வால்நட்சத்திரம்

சில வருஷம் ஓடியது. அக்காவின் மகளை மதுரையிலேயே காளவாசலில் கட்டிக் கொடுத்தோம். மகளைப் பார்க்க வந்த அக்கா இரண்டு நாள் என் வீட்டில் தங்கினாள். அப்போது வால்நட்சத்திரம் தெரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. விடிவதற்கு முன் தெற்கே பார்த்தால் தெரியுமாம். ஒருமுறை விட்டால் இன்னும் எழுபத்தைந்து வருஷமாம்.

"அதையும் பாத்துட்டுப் போயிருவோம்டா" என்றாள்.

விடிகாலையில் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். பக்கத்து மாடியில் ஒரு குடும்பமே நின்றது. அந்த வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்த பைனாகுலரை ஆளாளுக்குக் கொடுத்து, "அந்தா, அந்தா, புகை மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, "அது மில்லுப் புகைங்க" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நட்சத்திரங்கள் இருந்தன. வால் எதற்கும் இல்லை. அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அக்கா, அன்னைக்கு மச்சான் கேட்டாருல்ல, மழை வருமான்னு."

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஆபீஸ்ல யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ சும்மா சொன்னேன்னு. நான் அடுப்படியிலதான இருந்தேன். ஓங் கொரலு எனக்குத் தெரியாதா? மெய்யின்னா ரெண்டு வார்த்தைக்கு மேல ஒனக்கு வராதுடா. அன்னைக்கு இன்னைக்குங்கற, நாளைக்குங்கற."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பெறகு ஏன்க்கா நீ ஒரு வார்த்தை சொல்லல?"

பக்கத்து மாடியில் ஒரு பிள்ளை அழுதது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள்.

"ஒன்னைய ஒரு ஆளா மதிச்சு ஒரு விசயம் கேட்டது நம்ம சனத்துல அவரு ஒருத்தருதான். அவருக்கு முன்னால எந் தம்பி பொய் சொல்றான்னு எப்படிடா சொல்லுவேன்?" அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போல. "அம்புட்டுதான்னு இல்ல. மாடு நின்ன நெலமைக்கு எனக்கும் மழை வரணும்னு இருந்துச்சு. நீ சொன்னது பலிச்சுருமோன்னு ஒரு நெனப்பு."

கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. அக்காவின் முகம் தெரிந்தது. அழவில்லை. வானத்தை விட்டுவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்படிக்கு வந்து நெருப்புப்பெட்டி கேட்டாரு. ஒரு பெட்டி ஈரமா இருந்துச்சு. தேடி, காஞ்ச பெட்டியா எடுத்துக் குடுத்தேன்டா."